தொங்கக் காம்பராக் குரல்

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கிய ஐவி, மடிக்கணினிப் பையை வயிற்றோடு சேர்த்து மாட்டிக்கொண்டு அதன் மேல் மழைக்கோட்டைப் போட்டுப் பொத்தான்களை மூடினாள். மழை விட்டிருந்தது. அந்த மாதங்களில் மழை விட்டதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆட்டோக்காரர் அவள் வயிற்றை ஒருதடவை பார்த்துவிட்டு, தோட்டத்துப் பாதையின் பள்ளங்களில் மிகக் கவனமாக இறக்கி ஏற்றினார். அவள் அவரைத் திருத்தவில்லை. மெதுவாகப் போவது அவளுக்கும் வசதியாக இருந்தது.

மேட்டு லயம் ஒரே நீளக் கட்டடம். தகரக் கூரை. காம்பராக்களைப் பிரிக்கும் நடுச்சுவர்கள் கூரை வரை எட்டாது. மேலே இருக்கும் இடைவெளி வழியாக ஒரு வீட்டின் அடுப்புப் புகையும் இருமலும் சண்டையும் அடுத்த வீட்டுக்குப் போய்வரும். ஐவியின் வீடு லயத்தின் கடைசி, தொங்கக் காம்பரா. அதை ஒட்டிய காம்பராவில் பேச்சியம்மாவும் அவள் மகள் ஜீவராணியும் இருந்தார்கள். ஐவி வரும்போதெல்லாம் பேச்சியம்மா வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து, "வக்கீலம்மா வந்தாச்சு, இனி யாரு மேல கேஸு போடலாம்" என்று கேட்பாள். இன்று அந்தக் கதவு ஒருக்களித்திருந்தது. ஐவி கடந்து போகும்போது அது சாத்தப்பட்டது. வேகமாகக்கூட இல்லை.

அம்மா செல்லமேரி அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக வழிந்து காய்ந்திருந்தது. மகளைக் கண்டதும் அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தலை வைத்தாள். பேச்சியம்மா கங்காணியிடம் சொல்லித் தன் நெரையை மாற்றிக்கொண்டதைத்தான் முதலில் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நெரையில் கொழுந்து பறித்தவர்கள். ஒருத்தி கூடை நிறைந்தால் மற்றவள் தூக்கிவிடுவாள்.

"இப்ப தண்ணிக் கானோரத்து நெரையில போயி நிக்கிறா. நேத்து வழுக்கி உழுந்தா. நான் ஓடுனேன், கையத் தட்டிவிட்டுட்டா. மயினின்னு கூப்புட்ட வாயால ஏ செல்லமேரிங்கிறா."

அப்பா ஞானரட்ணம் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார். ஐவி வாங்கிக் கொடுத்த கைப்பேசி, அந்தோனியார் படத்துக்குப் பின்னால், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

லயத்தில் ஐவிக்குக் கோர்ட்டுக்குப் போகாத வக்கீல் என்று பெயர். தொடக்கத்தில் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஹட்டன் நீதிமன்றத்தில் ஒரு மூத்த வழக்கறிஞரின் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் "பெரியவர் எங்க" என்று மட்டும் கேட்டார்கள். பிறகு கொழும்பில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் சேர்ந்தாள். அங்கேதான், ஒருவருடைய கர்ப்பப்பையும் இன்னொருவருடைய மனநோயும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு மேசை மேசையாகப் போவதைப் பார்த்தாள். சிரிப்பதற்குக்கூட அவை பயன்பட்டன. அன்றிலிருந்து நோயாளிகளின் தகவலைக் காக்கும் சட்டத்தைத் தேடித் தேடிப் படித்தாள். ஒருவருடைய நோய் அவருக்குச் சொந்தமானது, அவர் கொடுக்காமல் மற்றவர் எடுக்கக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பலவிதமாக மாற்றி எழுதித் தருவதுதான் இப்போது அவள் தொழில். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பனி அதற்குச் சம்பளம் கொடுத்தது. நடுச்சுவர் எட்டாத வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அந்தக் கம்பனி தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்கு என்று ஒரு செயலி செய்தது. ரத்தமோ சளியோ பரிசோதனைக்குக் கொடுத்தால், முடிவு அவரவர் கைப்பேசிக்கே வந்துவிடும். இடையில் யாரும் பார்க்க முடியாது. முதலில் எந்தத் தோட்டத்தில் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது ஐவி தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியார் அவள் பெயரைச் சொல்லி மன்றாடினார்.

பதிவு நடந்த அன்று அப்பா கொழும்புக்குப் போன் எடுத்தார். லயத்தில் பாதிப் பேருக்குப் போன் இல்லை, இருப்பவர்களும் சிம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். ஐவி ஒரு கூட்டத்தில் இருந்தாள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "இல்லாதவங்களுக்கு ஒங்க நம்பரக் குடுங்கப்பா, பெறகு பாத்துக்குவோம்" என்றாள். பிறகு அதை மறந்தும் போனாள்.

பிறருக்கு வந்த சேதியை வாங்கிச் சொல்வது ஞானரட்ணத்துக்குப் புதிய காரியம் இல்லை. மேட்டு லயம் மலையின் மடிப்பில் இருந்தது. தொங்கக் காம்பராவின் வாசலில் நின்று கூப்பிட்டால் கீழ் லயத்துக்கும், எதிர் மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் கேட்கும். ஆபீசிலிருந்து வரும் சேதியோ, டிஸ்பென்சரியில் வரச் சொன்ன பெயரோ, சாவோ, பிறப்போ, அவரிடம்தான் சொல்லிவிடுவார்கள். அவர் வாசலில் நின்று, கையை வாயோரம் குவித்து, பெயரை நீட்டிக் கூப்பிட்டுச் சொல்வார். அவர் கூப்பிட்டால் அது உண்மை. அவர் கூப்பிடாத விஷயம், தண்ணீர் பிடிக்கும் இடத்துப் பீலிக்கரைப் பேச்சு. அதை நம்பலாம், நம்பாமலும் விடலாம். மறைத்துச் சொல்வதுதான் அங்கே அசிங்கம். ஒருத்தியை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாக ஏதாவது சொன்னால், அவளுக்கு என்னவோ நடந்துவிட்டது என்றுதான் லயம் நினைக்கும்.

ஜீவராணி பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். தாய்மார்கள் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை அவளிடம் விட்டுப் போவார்கள். நாள்பட்ட இருமல் என்று சளி கொடுத்திருந்தாள். முடிவு ஞானரட்ணத்தின் கைப்பேசிக்கு வந்தது. உடனே தலவாக்கலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அதில் இருந்தது. உடனே என்ற சொல் அவரைப் பதறவைத்தது. வாசலுக்குப் போய், எப்போதும் போலக் கூப்பிட்டார். ஜீவராணிக்குச் சளியில் காசநோய்க் கிருமி இருக்கு, ஒடனே வரச் சொல்லி இருக்காங்க.

எதிர் மலையில் இருந்த தாய்மார்கள் கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினார்கள்.

அதற்குப் பிறகு அங்கே ஒரு பிள்ளையும் வரவில்லை. தேயிலைக்குள் நிற்கும் மரங்களில் ஏணை கட்டி, மேலே பிளாஸ்டிக் விரித்து, மழையில் பிள்ளைகளைப் போட்டுவைத்தார்கள். தொழிற்சங்க ஆபீசில் இருக்கும் ஒருவர் ஜீவராணிக்காக ஒரு முறைப்பாடு எழுதிக்கொடுத்தார். அது கம்பனிக்கு வந்தபோது, ஐவியின் மேசைக்குத்தான் வந்தது.

கம்பனியை நடத்தும் மிலான் நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அந்த இலக்கம் ஐவியின் அப்பாவுடையது என்று தெரிந்ததும், அப்பாவின் மனம் நோகாமல் இதை முடிக்க ஐவியால்தான் முடியும் என்றார். நோயாளி கொடுத்த இலக்கத்துக்குக் கம்பனி முடிவை அனுப்பியது. வெளியே சொன்னது கம்பனி இல்லை. இதற்கு அப்பாவிடமிருந்து ஒரு வாக்குமூலம் போதும். முறைப்பாட்டில் ஒரு கேள்விதான் இடித்தது. இத்தனை பேருக்கு ஒரே இலக்கத்தைப் பதியச் சொன்னது யார்? அதற்கும் உன் அப்பாவே பதில் சொல்லிவிடுவார்தானே, என்று மிலான் கேட்டார்.

இந்தக் கோப்பை நான் பார்க்கக் கூடாது என்று ஐவி சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வருவார். அவர் இதே கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்பார். அப்பா ஒளிக்காமல் சொல்லிவிடுவார். நோயாளியின் சம்மதம் பற்றிய விதிகளை எழுதியவளே, கூட்டத்தின் நடுவில், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அப்படிச் சொன்னாள் என்பது அதோடு தெரிந்துவிடும். பிறகு அவளுக்கு எந்தக் கம்பனியிலும் எழுத எதுவும் இருக்காது. ரயில் ஏதாவது ஒரு சின்ன நிலையத்தில் நின்றாலும் இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்றெல்லாம் வரும் வழியில் நினைத்திருந்தாள். எங்கே திரும்பிப் போவது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் அந்தியில் வாக்குமூலம் எடுத்தாள். அப்பா கோயிலுக்குப் போடும் சட்டையை எடுத்துப் போட்டுக் கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். அடுத்த காம்பராவில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசுங்கப்பா" என்றாள் ஐவி.

அவர் மெதுவாகப் பேச முயன்றார். அவருக்கு அது வரவில்லை. குரலைத் தணிக்கத் தணிக்க, அது மூச்சாகி, பாதி வார்த்தை வெளியே வராமல் போனது. அவள் மறுபடி மறுபடி கேட்கவேண்டி இருந்தது. பெயர், வயது, பார்த்த வேலை. தேயிலை பெக்டரியில் எத்தனை காலம் என்று கேட்டபோது, அவர் அவளைக் கொஞ்சம் வியப்போடு பார்த்தார்.

"ஒனக்குத் தெரியாதா பாப்பா?"

"நீங்க சொல்லணும்பா. எனக்குத் தெரிஞ்சத எழுதக் கூடாது."

சொன்னார். அவள் தட்டச்சு செய்தாள். அந்தச் சேதி எப்போது வந்தது, அதை ஏன் கூப்பிட்டீர்கள் என்றெல்லாம் கேட்டாள். வந்தா கூப்புடுறதுதானே, என்றார். அம்மா மா பிசைவதை நிறுத்தி, "ஒடனே வரச் சொல்லி இருந்துச்சுல்ல, அத எழுது" என்றாள். ஐவி எழுதினாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. அவள் அதைச் சட்டத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு மாதிரி வந்தது.

"போன் இல்லாதவங்களுக்கு ஒங்க நம்பரக் குடுக்கச் சொல்லி யாராச்சும் சொன்னாங்களாப்பா?"

அடுப்பில் ஈர விறகு சீறியது. அடுத்த காம்பராவின் பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று ஐவிக்குத் தெரியவில்லை. ஞானரட்ணம் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் அவளும் எதையும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அப்பா வேண்டுமென்றே அதை நீட்டிக் கொடுக்கிறார் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"இல்ல" என்றார் கடைசியில். "நானாத்தான் குடுத்தேன்."

அவள் தட்டச்சு செய்தாள். வாக்கியத்தின் முடிவில் புள்ளி வைத்தாள்.

"சரியா சொல்லிட்டனா?" என்று கேட்டார்.

அம்மா ரொட்டிக் கல்லை அடுப்பில் வைத்தாள். வைத்த சத்தம் வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் ஓர் உறுதிமொழியும் இருந்தது. இனி எவருடைய நோய் பற்றிய தகவலையும் எந்த வகையிலும் பிறர் அறியச் சொல்லமாட்டேன். அதை ஐவியே சேர்த்திருந்தாள். அது இருந்தால் அப்பாவின் மேல் யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று நினைத்தாள். வாசித்துக் காட்டியதும் அவர் யோசித்தார்.

"செத்த சேதி?"

"அது நோய் இல்லப்பா."

"நல்லது. அதாச்சும் இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தேங்காய்ச் சம்பலோடு ரொட்டியைத் தின்றார்கள். அடுத்த காம்பராவில் ஜீவராணி இருமினாள். முன்பெல்லாம் இருமினால் நீளமாகப் போகும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இப்போது சின்ன இருமல், தொண்டையைச் சரிசெய்வதுபோல.

காலையில் பெயர் பதியும் பெரட்டுக்குப் போகிறவர்கள் போன பிறகு ஐவி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். ஜீவராணி அங்கே துணி அலசிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். ஆனால் முகம் தெளிவாக இருந்தது. முறைப்பாடு செய்தவரோடு எந்தத் தொடர்பும் வைக்கக் கூடாது என்பது மிலானின் கட்டளை. அது ஐவியே பல கோப்புகளில் எழுதிய வாக்கியமும்கூட. அவள் வாளியை ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நீங்களுமா அக்கா தள்ளி நிக்கிறீங்க" என்றாள் ஜீவராணி.

"அதுக்கு இல்ல. ஒன்னோட நான் பேசக் கூடாது. மனு போட்டிருக்கேல்ல."

"இப்ப பேசிக்கிட்டுத்தானே இருக்கீங்க."

ஐவிக்குச் சிரிப்பு வந்தது. ஜீவராணியும் சிரித்தாள். பிறகு துணியைப் பிழிந்து கல்லின் மேல் வைத்துவிட்டு, வந்து எதிரே நின்றாள்.

"ஒங்க அப்பா சொன்னது கேட்டுச்சுக்கா. சொவரு அப்புடித்தானே. அன்னைக்கு நம்பரப் பத்தி ஒங்களோட போன்ல பேசுனதும் கேட்டுச்சு. மாமா பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. நேத்துத்தான் கேட்டேன்."

ஐவி வாளியைப் பார்த்தாள். தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"அத நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. எனக்கு அது வேணாம். யூனியன்ல எழுதிக் குடுத்தாங்க, கோவத்துல ஒப்பம் வச்சேன். எனக்கு ஒன்னே ஒன்னுதான் வேணும். மருந்து குடிச்சு மறு சளி குடுத்தேன். கிருமி இல்லன்னு வந்துருச்சு. புள்ளைகளோட இருக்கலாம்னு தலவாக்கலை டொக்டர் கார்டுல எழுதி இருக்காங்க. அதக் காட்டுனா இவளுக என்னா சொல்றாளுக தெரியுமா? அழுது எழுதி வாங்கிட்டு வந்துட்டாளாம். டிஸ்பென்சரி ஐயா சொல்லியும் பாத்துட்டாரு. அவர் வெளி ஆளு, பாவம் பாக்குறாருங்கிறாளுக."

"நான் என்ன செய்ய ஜீவராணி?"

"மாமாவக் கூப்புடச் சொல்லுங்க. அன்னைக்குக் கூப்புட்ட மாதிரியே. அதே எடத்துல நின்னு. ஜீவராணிக்குக் கிருமி இல்லன்னு. அவர் கூப்புட்டா நம்புவாங்க." அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "புள்ள வராத காம்பராவுக்கு ஆயா எதுக்குன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. இந்த மாசம் பாத்துட்டு என்னைய நிப்பாட்டிருவாங்க. நேத்து மாமாகிட்டயே கேட்டேன். ஐவி சொன்னா கூப்புடுறேன்னாரு."

மேலே தேயிலைக்குள் யாரோ ஒரு பெண் ஏணைப் பிள்ளையை அதட்டிக்கொண்டிருந்தாள். ஐவி கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இஸ்தோப்பில் உட்கார்ந்து மிலானுக்குப் போன் எடுத்தாள். லயத்தில் அவள் ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ஒரு கதவு இருந்தது. மிலான் பொறுமையாகக் கேட்டார். அவரும் வருத்தப்பட்டார். ஆனால் வாக்குமூலம் காலையிலேயே கம்பனியின் சட்ட ஆலோசகர்களுக்குப் போய்விட்டது. இனி சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவர் மறுநாளே அதே பெண்ணின் மருத்துவச் செய்தியை மலைக்குக் கேட்கக் கூப்பிட்டால், நாளைக்குத் தகவல் பாதுகாப்பு அதிகாரசபை கம்பனியையும் நம்பாது, உன் அப்பாவையும் நம்பாது என்றார். அவளே கேட்கிறாள், எழுதித் தருவாள் என்றாள் ஐவி. இப்போது அவளிடம் எது எழுதி வாங்கினாலும் மிரட்டி வாங்கியதாகத்தான் இருக்கும். இதை நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய், என்றார் மிலான். அவர் குற்றம் சாட்டவில்லை. நினைவுபடுத்தினார். எல்லாம் முடிந்த பிறகு நாமே அந்தப் பெண்ணுக்கு ஏதாவது செய்வோம் என்றார். எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

கூப்பிடக் கூடாது என்று அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையாட்டினார். அம்மா மத்தியானச் சோற்றுக்கு வந்திருந்தாள். கூடையைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டாள்.

"அவ கேக்காதப்ப கூப்புட்டுட்டாரு. அவளே வந்து கேக்குறப்ப கூப்புடக் கூடாதுங்கிற. இது என்னா சட்டம்டி?"

"அம்மா, சொன்னா ஒங்களுக்குப் புரியாது."

"புரியாதுதான். கொழுந்து பறிக்கிறவளுக்கு என்னா புரியும். பேச்சி இன்னைக்கு மலையில எனக்குக் கூடையத் தூக்கிவிட்டா. ஒரு வார்த்த பேசல. தூக்கிவிட்டுட்டு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. நீ என்னமோ செஞ்சிருவேன்னு நெனச்சுக்கிட்டு நிக்கிறா."

அம்மாவுக்குச் சொல்ல ஐவி எடுத்த ஒவ்வொரு வாக்கியமும் அவள் எங்கோ ஏற்கெனவே எழுதியதாக இருந்தது. ஒருவருடைய நோய் அவருக்குச் சொந்தமானது. அப்படியானால் அது போய்விட்ட செய்தியும் அவருக்குத்தானே சொந்தம். அதை யார் வாயில் கொடுப்பது என்பதையும் அவள்தானே தீர்மானிக்க வேண்டும். இதை அவள் ஒரு கட்டுரையாக எழுதலாம். எழுதினால் பாராட்டுவார்கள். அப்பா மட்டும் வாசலுக்குப் போக முடியாது.

அன்று அந்தியில் முறைப்பாட்டுக்கான பதிலை முடிவு செய்யும் கூட்டம் இருந்தது. மிலானும் இரண்டு ஆலோசகர்களும் திரையில் இருந்தார்கள். சிக்னல் நன்றாகக் கிடைப்பது இஸ்தோப்பில்தான். ஐவி அங்கே ஒரு ஸ்டூலில் மடிக்கணினியை வைத்து, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கொழுந்தை எடை போட்டுவிட்டு எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தாய்மார்கள் ஏணைச் சேலையோடு பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் தலை நனைந்திருந்தது. மலையின் மேல் பனி இறங்க ஆரம்பித்திருந்தது. அடுப்புகள் எரியத் தொடங்கி, லயம் முழுக்கப் புகை தாழ்ந்து நின்றது.

ஆலோசகர் ஒருவர் வாக்குமூலத்தை வாசித்துக்கொண்டிருந்தார். ஞானரட்ணம் என்ற பெயரை அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது தடவையும் தவறாகச் சொன்னார். ஐவி திருத்தவில்லை.

அப்போது பக்கத்துக் கதவு திறந்தது. ஜீவராணி வெளியே வந்தாள். தலை சீவி, பிள்ளைக்காம்பராவுக்குப் போகும்போது கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள். ஐவியைப் பார்க்காமல் கடந்து, தொங்கக் காம்பராவின் வாசலில், ஞானரட்ணம் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். கையை வாயோரம் குவித்தாள்.

"மேட்டு லயத்துக்காரவங்களே... கீழ் லயத்துக்காரவங்களே... ஜீவராணிக்குச் சளியில கிருமி இல்ல... டொக்டர் சொல்லிட்டாங்க... புள்ளைகளக் கொண்டாந்து விடலாம்..."

குரல் மெல்லியது. எதிர் மலை வரை போகவில்லை. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கீழ் லயத்தில் யாரோ, யாருடி அது என்று கேட்டார்கள். அவளேதான் சொல்லிக்கிறா, என்று பதில் வந்தது. ஒரு சிரிப்பும் வந்தது. ரொம்ப மோசமான சிரிப்பு இல்லை. ஆனால் சிரிப்பு.

ஐவிக்குப் பின்னால் கட்டில் முனகியது. அப்பா எழுந்து நிலைப்படிக்கு வந்துவிட்டார். அவர் ஜீவராணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய நெஞ்சு மெல்ல உயர்ந்தது. கூப்பிடும் முன் அவர் மூச்சை எப்படி இழுப்பார் என்பது ஐவிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வலது கை மேலே வந்தது.

ஐவி கையை நீட்டினாள். வேண்டாம்.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இழுத்த மூச்சைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, நிலைப்படியிலேயே உட்கார்ந்தார்.

ஜீவராணி மறுபடியும் கூப்பிட்டாள். இந்தத் தடவை எதிர் மலைக்குக் கேட்கவேண்டும் என்று, கழுத்து நரம்பு புடைக்க, முழுப் பலத்தையும் கொடுத்து.

"ஜீவராணிக்கு..."

குரல் உடைந்தது. புகை ஏறிய தொண்டையிலிருந்து இருமல் வந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். நிற்கவில்லை. லயம் அமைதியானது. அந்த இருமல் மட்டும் மலை மடிப்பில் தெளிவாகக் கேட்டது.

முதலில் ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டாள். பிறகு இன்னொருத்தி. வரிசையாகக் கதவுகள் சாத்தப்பட்டன.

பேச்சியம்மா வந்து மகளின் தோளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது ஐவியை ஒன்றும் சொல்லவில்லை. ஞானரட்ணத்தைப் பார்த்து, "எந்திரிச்சு உள்ள போங்கண்ணே, பனி எறங்குது" என்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை.

காதுக்குள் மிலானின் குரல் கேட்டது. அங்கே என்ன சத்தம், எல்லாம் சரிதானே என்று கேட்டார். ஐவி நீட்டிய கையை அப்போதுதான் கீழே இறக்கினாள். ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள், தொடரலாம் என்றாள்.

சொன்ன பிறகுதான், இன்னொருவருடைய நோயைத் தானும் வெளியே சொல்லிவிட்டது அவளுக்கு உறைத்தது. ஆலோசகர் அடுத்த பத்தியை வாசிக்கத் தொடங்கியிருந்தார்.